கூரை வாய்க்காலுக்கு ஒரு மூடி

என் சகலையை எல்லோரும் 'டேப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டில், அலமாரி விற்கிற பெரிய கடையில் அவருக்கு வேலை. வாங்குகிறவர்களின் வீட்டுக்கு முன்கூட்டியே போய், அந்த அலமாரி வாசலில் நுழையுமா, மாடிப்படியில் திரும்புமா என்று அளந்து சொல்ல வேண்டும். அதனால் இடுப்பில் எந்நேரமும் ஒரு அளவு டேப்பு. என்னை முதன்முதலில் பார்த்தபோதே தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தார். இந்தக் குடும்பத்துக்குள் இவன் நுழைவானா, எங்கேயாவது இடிப்பானா என்று அளந்த மாதிரி இருந்தது.

அவர் கட்டியது அக்காவை, நான் கட்டியது தங்கையை. இந்த இரண்டு பேரும் கூப்பிடு தூரத்துக்கு மேல் பிரிந்து இருந்ததே கிடையாது. அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீடு விலைக்கு வந்ததும், அது நல்ல வீடா கெட்ட வீடா என்றுகூடப் பார்க்காமல் என் மனைவி வாங்க வைத்துவிட்டாள். நடுவில் ஒரு சின்னச் சந்து. அக்கா அங்கே தும்மினால் இவள் இங்கே சமையலறையிலிருந்து, "மாத்திரை போட்டியாக்கா?" என்பாள்.

அந்தச் சந்தின் கோடியில், அவர்கள் பக்கத்தில், ஒரு மரம் இருந்தது. என்ன மரம் என்று எனக்குத் தெரியாது. தண்டு அவர்களுடையது, நிழல் எங்களுடையது, குப்பை இரண்டு வீட்டுக்கும் பொது. அரிசி அளவில் சின்னச் சின்ன இலை. அது உதிர்ந்து எங்கள் கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓடுகிற தகர வாய்க்காலில் விழும். மழை வந்தால் ஊறி, சேறாகி, கீழே இறங்கும் குழாயை அடைத்துக்கொள்ளும். வாய்க்கால் நிரம்பி சுவரில் வழியும். வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் கூப்பிட்டு அள்ளிக் கொட்டுவோம். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் அக்காவுக்கு நோய் திரும்பி வந்தது. முதல் தடவை எல்லோரும் சேர்ந்து விரட்டிவிட்டோம் என்று நினைத்திருந்தோம். இந்தத் தடவை டாக்டர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி இல்லாம பாத்துக்கலாம்." அவ்வளவுதான். டேப்பு அண்ணன் மட்டும், "வேற ஏதாவது, சார்? வேற ஏதாவது வகை இருக்குமே?" என்று கேட்டார். கடையில் நின்று வேறு ரகம் இருக்கிறதா என்று கேட்பது மாதிரியே இருந்தது. டாக்டர் தலையை ஆட்டினார்.

சந்துப் பக்கத்து அறையில் கட்டில் போட்டார்கள். சில நாள் கழித்து அக்காவே, "கட்டிலை ஜன்னலைப் பாத்து திருப்புங்க" என்றாள். திருப்பினோம். ஜன்னலுக்கு வெளியே மரம். பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும் போல என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். யாரும் அவளிடம் கேட்கவில்லை.

அதே சமயம்தான் எங்கள் சமையலறைச் சுவர் ஊற ஆரம்பித்தது. மேலே ஒரு ஈரத்திட்டு. அது மெல்ல இறங்கி மசாலா டப்பா அடுக்கு வரை வந்தது. ஒரு நாள் பூச்சு பொத்தென்று பெயர்ந்து தோசைக்கல் மேலேயே விழுந்தது.

"அந்த மரத்துல நம்ம பக்கம் நீட்டற கிளையை மட்டும் கொஞ்சம் வெட்டச் சொல்லலாமா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அவ கண்ணு முன்னாடி அதை வெட்டணுமா? படுத்துக்கிட்டே அவ பாக்கறது அது ஒண்ணுதான். சுவர் இடிஞ்சு விழட்டும், பரவால்ல."

சுவர் இடிந்து விழுவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று நான் இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். வாய்க்காலுக்கு மேல் போடுகிற மூடி என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஒன்றா? ஒரு சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"என்ன மரத்து இலைங்க?" என்றார் கடைக்காரர்.

"சகலை வீட்டு மரம்."

"சொந்தக்காரங்க மரத்துக்குன்னு தனியா மூடி வரலீங்க" என்று சிரித்தார். "இலை பெருசா, சிறுசா? மழை எப்படி விழுது உங்க பக்கம்? கூரை சரிவு எவ்வளவு?"

எனக்கு எதுவும் தெரியவில்லை. நான் கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்குச் சில்லு தேய்த்துப் பொருத்துகிறவன். எங்கள் கடையில் ஆட்களை உட்காரவைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று மாற்றி மாற்றிக் கேட்பார்கள். சிலர் திணறிப்போய், "ரெண்டும் ஒண்ணாதான் தெரியுது" என்பார்கள். அவர்கள் நிலைமை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

நான் மனைவியிடம் சொன்னேன், அவள் அக்காவிடம் சொன்னாள், அக்கா அவரிடம் சொன்னாள். மறுநாள் காலையில் டேப்பு அண்ணன் எங்கள் வாசலில் நின்றார். முகத்தில் பல வாரமாகக் காணாத ஒரு தெளிவு.

"என் மரம், தம்பி. என் பொறுப்பு. நீ ஏணியை மட்டும் பிடி."

அவர் கடைக்கு நீண்ட லீவு போட்டிருந்தார். போட்டுவிட்டு வீட்டில் அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மருந்தும் ஊசியும் நர்ஸ் பொறுப்பு. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது என் மனைவி. அவர் அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே வந்தால் கண் கலங்கிவிடும். உடனே வெளியே போய்விடுவார். அவ்வளவு பெரிய ஆள், தன் வீட்டிலேயே வைக்க இடமில்லாத அலமாரி மாதிரி ஆகிவிட்டிருந்தார்.

அவருக்கு இந்த வேலை கிடைத்தது. விடுவாரா?

எனக்கு உயரம் என்றால் பயம். நாற்காலி மேல் நின்று பல்பு மாற்றவே தலை சுற்றும். அதனால் அவர் மேலே, நான் கீழே. அந்த மழைக்காலம் முழுக்க நான் பார்த்தது அவருடைய செருப்பின் அடிப்பக்கத்தைத்தான்.

முதலில் வாங்கி வந்தது கறுப்பு ஸ்பாஞ்சு. நீள நீளமான துண்டு. வாய்க்காலுக்குள் திணித்துவிட்டால் தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும், இலை மேலேயே நின்று காற்றில் பறந்துவிடும் என்றார்கள். அவர் ஒவ்வொரு துண்டையும் அளந்து, வெட்டி, மறுபடி அளந்து, மயிரிழை பிசகாமல் பொருத்தினார். நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் அந்த மரம் பூத்தது. பூ உதிர்ந்து விதை வந்தது. அந்த விதை எல்லாம் ஸ்பாஞ்சில் போய் விழுந்தது. மேலே வெயில், உள்ளே ஈரம். இதைவிடச் சொகுசான இடம் ஒரு விதைக்கு எங்கே கிடைக்கும்?

ஒரு நாள் காலையில் தபால்காரர் மேலே பார்த்தபடி நின்றார். "என்ன சார், கூரைல நாத்து விட்டிருக்கீங்க?"

எட்டிப் பார்த்தேன். கூரை ஓரம் முழுக்கப் பச்சை. விரல் நீளத்துக்கு வரிசையாகக் கன்றுகள், வெட்டி ஒட்டின மாதிரி நேராக. ஒரு மரத்தை வெட்ட முடியாமல் ஆரம்பித்த வேலை, இப்போது ஒரு தோப்பே எங்கள் தலைமேல்.

டேப்பு அண்ணன் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வேர் ஸ்பாஞ்சுக்குள் போய்ப் பின்னிக்கொண்டிருந்தது. இழுத்தால் ஸ்பாஞ்சே பிய்ந்து வந்தது.

"டாக்டர் நேத்து வந்தாரே, என்ன சொன்னாரு அண்ணே?" என்று கீழேயிருந்து கேட்டேன்.

இன்னொரு கன்றைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, "பிரஷ் மாதிரி ஒண்ணு இருக்காம். அதுல எதுவும் முளைக்காதாம்" என்றார்.

பிரஷ் வந்தது. பாட்டில் கழுவுகிற பிரஷ்தான், ஆனால் ஒரு மலைப்பாம்பு நீளம். அதில் எதுவும் முளைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இலை ஒவ்வொன்றும் அந்த மயிருக்குள் சிக்கி, கொஞ்ச நாளில் கூரையில் ஒரு கரடி படுத்திருப்பது போல் ஆகிவிட்டது. அதை உருவி எடுத்து, சந்தில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு சீப்பால் வாரினார். என் மனைவி சூப் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் போனவள் நின்று பார்த்தாள்.

அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள்: "என்னங்க, அத்தான்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. ஏணியை நீங்க பிடிக்கறீங்களே, அப்படி அவ கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காரச் சொல்லுங்க. அது போதும். எங்க சுவத்துக்கு ஒண்ணும் வேணாம்."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா அழுவாரு. அவரையும் தேத்தறதுக்கு என்கிட்ட தெம்பு இல்ல."

சொல்ல வேண்டும் என்றுதான் மறுநாள் போனேன். அவர் புதுப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். எஃகு சல்லடை. "தம்பி, இதைப் பாரு. டீ வடிகட்டி மாதிரி. தண்ணியைத் தவிர எதுவும் உள்ள போகாது." அவர் கண்ணில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும் ஏணியைச் சுவரில் சாத்தினேன்.

சல்லடை உண்மையிலேயே நல்ல சாமான். நான் தேர்ந்தெடுத்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் அந்த மரத்துக்கு ஒவ்வொரு மூடிக்கும் ஒரு பதில் இருந்தது. இலை நின்றது, மஞ்சளாக ஒரு பொடி கொட்ட ஆரம்பித்தது. தூறலில் அது பசையாகி சல்லடைக் கண்களை எல்லாம் மெழுகிவிட்டது. அதற்கப்புறம் வந்த மழை, தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரி அதன் மேல் வழுக்கிக்கொண்டு நேராக எங்கள் வாசற்படியில் விழுந்தது. தலைவலி போய்த் திருகுவலி. அவர் ஏறித் தேய்ப்பார். மறுநாள் மறுபடி மஞ்சள். சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

உள்ளே அக்கா இளைத்துக்கொண்டே போனாள். முதலில் மோதிரம் கழன்றது. பிறகு குரல் சிறுத்தது. என் மனைவி வந்து, "இன்னைக்கு ரெண்டு ஸ்பூன் குடிச்சா" என்பாள், பரீட்சையில் மார்க் வாங்கின மாதிரி. மறுநாள் அதுவும் இருக்காது. இரண்டு வீட்டிலும் பேச்சு குறைந்துபோனது. மூடியைப் பற்றி மட்டும் டேப்பு அண்ணன் நிறுத்தாமல் பேசினார். எங்கேயோ விசாரித்து, மழைநீர் வேலை மட்டுமே செய்கிற ஒரு ஆளை அழைத்து வந்தார். அந்த ஆள் ஒரு வளைந்த தகர மூடியைக் காட்டினான். விளிம்பு உருண்டையாக இருக்கும். தண்ணீர் அந்த உருண்டையை ஒட்டிக்கொண்டே வளைந்து உள்ளே போய்விடுமாம், இலை மட்டும் நேராகக் கீழே விழுந்துவிடுமாம்.

"தண்ணிக்கு எப்படி இது இலை, இது நாமன்னு தெரியும்?" என்று கேட்டேன்.

"அது தானா ஒட்டிக்கும் சார்."

போட்டுவிட்டுப் போனான். அன்றே சின்ன மழை ஒன்று பெய்தது. அவன் சொன்ன மாதிரியே தண்ணீர் சமர்த்தாக வளைந்து உள்ளே போனது. டேப்பு அண்ணன் சந்தில் நனைந்தபடி நின்று, "பாத்தியா! பாத்தியா!" என்று கத்தினார். ஜன்னல் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார். உள்ளே அக்கா கையைத் தூக்கின மாதிரி தெரிந்தது.

பெரிய மழை ஒரு மதியம் வந்தது. வானம் கிழிந்த மாதிரி. கூரையிலிருந்து வேகமாக இறங்கின தண்ணீர் அந்த உருண்டையை மதிக்கவே இல்லை. அதைத் தாண்டிப் பாய்ந்து, திறந்திருந்த எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. நான் போய்ச் சாத்துவதற்குள் அடுப்பு, மாவு டப்பா, தரை எல்லாம் ஒரே வெள்ளம். நான் துணியைப் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தபோது வெளியே டமார் என்று சத்தம் கேட்டது. ஏணி சுவரில் மோதின சத்தம்.

ஓடினேன். அவர் குடையில்லாமல், செருப்பில்லாமல், பாதி ஏணிக்கு மேல் போய்விட்டிருந்தார்.

"அண்ணே, இறங்குங்க! மழை விடட்டும்!"

"பிடி நீ!"

பிடித்தேன். வேறு என்ன செய்வேன்? அவர் மேலே போய் அந்த மூடியை வெறுங்கையால் பிடித்து இழுத்தார். தகரம் கிறீச்சிட்டது. ஒரு முனை கழன்றது. அதோடு சேர்ந்து வாய்க்காலும் ஆணியோடு பெயர்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, அதிலிருந்த தண்ணீர் அத்தனையும் என் தலையில் கொட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அவர் கூரை விளிம்பைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே நின்றார். கையிலிருந்து ரத்தம் மழையோடு கலந்து முழங்கை வரை வழிந்தது.

"அண்ணே, இறங்குங்க."

"முடியல, தம்பி."

"ஒரு காலை மட்டும் கீழ வையுங்க. நான் பிடிச்சிருக்கேன்."

"முடியலடா." அவர் தோள் குலுங்கியது. "எதைப் போட்டாலும் நிக்க மாட்டேங்குது. நான் என்னதான்டா பண்றது?"

எனக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று தெரியும். ஏறிப் போய் அவரைப் பிடித்து இறக்க வேண்டும். என் கால் இரண்டாவது படிக்கே வராது. அப்படியே நின்றோம், மேலே ஒருத்தர், கீழே ஒருத்தன், நடுவில் மழை.

அப்போது எதிர் ஜன்னலில் தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, விட்டு விட்டு. கதவைத் திறந்து என் மனைவி தலையை நீட்டினாள். அழுகிறாளோ என்று முதலில் நினைத்தேன். இல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தான்! அக்கா உங்களை உடனே உள்ள வரச் சொல்றா! ரெண்டு பேரையும்!"

அந்தப் பேச்சுக்குத்தான் அவர் கால் அசைந்தது. ஒவ்வொரு படியாக இறங்கினார்.

சொட்டச் சொட்டக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றோம், தப்புப் பண்ணிப் பிடிபட்ட மாதிரி. அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். சிரித்து இருமி, இருமிச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

"தம்பி தலைல அது கொட்டிச்சே..." என்றாள். அதற்கு மேல் முடியாமல் மறுபடி இருமினாள். என் மனைவி முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

டேப்பு அண்ணன் முகம் வெளுத்திருந்தது. "உன்னைக் கேக்கணும்னு ரொம்ப நாளா... அந்த மரத்துல ஒரு கிளையை மட்டும் எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும். ஆனா நீ அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கே, அதனாலதான் நாங்க..."

"எதை?"

"மரத்தை."

அக்கா என் மனைவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "யாரு மரத்தைப் பாத்தா? இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அது போடற குப்பையைக் கூட்டிக் கூட்டி என் இடுப்பு போச்சு. படுத்துக்கிட்டு அதை வேற ரசிக்கணுமா?"

"பின்ன எதுக்குக் கட்டிலைத் திருப்பச் சொன்னே?" என்றாள் என் மனைவி.

அக்கா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அன்னைக்கு இவரு வேலை இல்லாம சந்துல நின்னு எதையோ அளந்துக்கிட்டு இருந்தாரு. தலையைத் தூக்கிப் பாத்துத் தெரிஞ்சுது." பிறகு அவரிடம் சொன்னாள்: "உள்ள வந்தா நீங்க அழறீங்க. எனக்கு உங்களைப் பாக்கவே முடியல. அங்க ஏணில ஏறினா எப்பவும் போல இருக்கீங்க. திட்டறீங்க, அளக்கறீங்க, தம்பியை விரட்டறீங்க. அதைத்தான் பாத்துட்டு இருக்கேன், இத்தனை நாளா."

எங்கள் மேலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ரத்தம் வழிகிற கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அடுத்தது எந்த மூடி?" என்றாள் அக்கா.

மறுநாள் கடைக்குப் போய், இருந்த மாதிரித் துண்டுகளை எல்லாம் வாங்கி வந்து அவள் போர்வை மேல் பரப்பினோம். டேப்பு அண்ணன் ஒவ்வொன்றையும் எடுத்து அதன் குணம், குற்றம் எல்லாம் விளக்கினார். அவள் ரொம்பக் கவனமாகக் கேட்டாள். கடைசியில் இருப்பதிலேயே மட்டமான ஒரு பிளாஸ்டிக் வலையைத் தொட்டாள்.

"இந்தச் செவப்பு."

"அது வெயில்ல வளைஞ்சுடும். காத்துல கழண்டுடும்" என்றார் அவர்.

"சரி, அப்ப அதான் வேணும்."

பெயர்ந்த வாய்க்காலை மறுபடி ஆணி அடித்து நிறுத்தி, சிவப்பு வலையைப் போட்டோம். அவர் சொன்ன மாதிரியே அது வளைந்தது, கழன்றது, தொங்கியது. அவர் வாரத்தில் பாதி நாள் ஏணியில்தான். கழலாத நாளிலும் ஏறி எதையாவது தட்டுவார். வேண்டுமென்றே என்னைத் திட்டுவார். நானும் வேண்டுமென்றே ஏணியைத் தப்பான இடத்தில் சாத்துவேன். ஒரு தடவை அவர் சுத்தியலை என் காலில் போட்டதுகூட வேண்டுமென்றே என்றுதான் எனக்குச் சந்தேகம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும். பிறகு கை மட்டும் அசையும். பிறகு அதுவும் இல்லாமல், முகம் மட்டும் எங்கள் பக்கம் திரும்பியிருக்கும்.

மருந்தின் அளவைக் கூட்டினார்கள். அவள் பெரும்பாலும் தூக்கத்தில்தான் இருந்தாள். அவர் மேலே இருந்தபடி திரும்பிப் பார்க்காமல் என்னிடம் கேட்பார்:

"முழிச்சிருக்காளா?"

"முழிச்சிருக்காங்கண்ணே."

சில நாள் அது உண்மை. பல நாள் இல்லை. அவர் அந்த வார்த்தையை நம்பி சுத்தியலால் தட்டுவார்.

ஒரு காலையில், மழை இல்லாத நல்ல வெயிலில், அவர் ஏணியில் நின்று வலையின் முனையைக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி அவர்கள் வீட்டுப் பின்வாசல் வழியாகச் சந்துக்கு வந்தாள். கையில் ஈரத் துண்டு. எங்களைப் பார்த்து நின்றாள். அவர் மேலேயிருந்து அவளைப் பார்த்தார். திரும்பி, கம்பியை முறுக்கி முடித்தார். மீதியை வெட்டினார். அப்புறமும் இறங்கவில்லை. கூரையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அக்கா போன அந்த மாதம் முடிவதற்குள், அவள் திட்டிய மரம்தானே என்று அவர் அதை வெட்டச் சொல்லிவிட்டார். எங்கள் சமையலறையில் இப்போது வெயில் நேராக அடிக்கிறது. சுவர் காய்ந்துவிட்டது. வாய்க்காலுக்கு மூடியே தேவையில்லாமல் போயிற்று.

என் மனைவி அவரோடு சரியாகப் பேசவில்லை. சண்டை என்று எதுவும் இல்லை. சாப்பாடு கொடுத்தனுப்புவாள், துணி துவைத்துக் கொடுப்பாள், ஆனால் முகத்தைப் பார்க்க மாட்டாள். "கடைசி நேரத்துலயாவது உள்ள இருந்திருக்கலாம்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அவர் ஏணியில் நிற்பதைப் பார்க்கத்தானே அக்கா ஆசைப்பட்டாள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அவ ஆசைப்பட்டது அவருக்காக" என்றாள். அக்கா சொன்னதும் இவள் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது.

கடைக்கு மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி டீ வைத்தாள். அவர் கிளாஸைத் தொடவில்லை.

"அன்னைக்குக் காலைல..." என்றார். "அவ ஜன்னல் பக்கம் பாத்தாளாம்மா?"

பார்த்தாள் என்று சொல்லிவிடேன் என்று மனைவியை நோக்கி மனதுக்குள் கெஞ்சினேன். நானாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

"இல்ல அத்தான்" என்றாள். "காலைலேருந்தே அந்தப் பக்கம் திரும்பல. என்னைத்தான் பாத்தா. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டா. வலி இல்ல. கை சூடா இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். ஒரு தடவை, இன்னொரு தடவை. "நீ இருந்தியே" என்றார். "நீயாவது இருந்தியே."

அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அந்தக் காலையில் நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள், எப்போது எழுப்பினாள், எத்தனை சொட்டு தண்ணீர் இறங்கியது, போர்வை வேண்டாம் என்று எப்படித் தள்ளினாள் என்று ஒவ்வொன்றாக. எனக்குக்கூட அவள் அதைச் சொன்னதில்லை. அவர் ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். அழவில்லை. நான் நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.